மணமக்கள் போர்டுக்குப் பின்னால் ஒரு நம்பர்

1

கனடாவின் கிழக்கு ஓரத்தில் ஹாலிஃபாக்ஸ் என்றொரு கடற்கரை ஊர். அங்கே வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. பதினாறு வருடமாக மூன்றாம் எண் கவுண்டர். இத்தனை வருடத்தில் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: பேப்பர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி வேறு கொடுத்திருக்கிறார்கள்.

போன கார்த்திகையில், முதல் பனி விழுந்த அன்று, ஒரு பெரியவர் வந்தார். கொட்டகையில் கிடக்கும் மாமனாருடைய பழைய லாரியை ஓட்ட ஆசைப்படுகிறார். பதிவுப் புத்தகம் இல்லை, நம்பர் பலகை இல்லை, மாமனாரும் இல்லை. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவை எடுத்து, "இது என் மனைவி. அந்த லாரி மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள்" என்று என் பக்கம் தள்ளினார். நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "போட்டோ எல்லாம் ஆதாரமாகாது, மன்னிக்கணும்" என்று திருப்பித் தள்ளிவிட்டேன். அவர் விசாரணைப் படிவத்தில் தன் பேரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அடுத்த டோக்கன் முக்கியம்.

அன்று சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து தம்பி சேகர் போன் செய்தான். அங்கே விடிகிற நேரம்.

"அக்கா, பொங்கல் கழிச்சி ஜீப்ப காலி பண்ணப் போறேன். இரும்புக் கடைக்காரரு வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. டிராக்டரு நிறுத்த எடமில்ல."

"அது அப்பா வண்டிடா."

"எனக்குத் தெரியாதா? ரோட்டுல ஏத்த முடியாத வண்டிய வச்சிக்கினு இன்னா பண்ணச் சொல்ற? பேப்பரு இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

என் வாக்கியத்தையே என் தம்பி எனக்குச் சொன்னான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. யாரிடம் வந்து பேப்பர் கதை சொல்கிறான் இவன். "நான் வர்ற வரைக்கும் அதுமேல கை வைக்காத. பேப்பர் என் வேலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம்தான் டிக்கெட் விலையைப் பார்த்தேன்.

2

அந்த ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா அதை வாங்கும்போதே அது பழைய வண்டி. இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலை மேலே வெள்ளிமலை வரைக்கும் அதுதான் ஓடியது. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றிருந்த காலம். மேலே போகும்போது ஆட்களும் உப்பும் மண்ணெண்ணெயும், கீழே வரும்போது கடுக்காயும் புளியும் சாமை மூட்டையும். முகூர்த்த நாளென்றால் மூட்டைக்கு லீவு. அன்றைக்கு அது கல்யாண வண்டி.

அப்பாதான் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், கரும்பு வெட்டிய வயலில். "லைசென்ஸ் எடு. மலைக்கு நீ ஓட்டு, நான் பக்கத்துல குந்திக்கினு வரேன்" என்பார். லைசென்ஸ் எடுப்பதற்குள் எனக்குக் கல்யாணமாகி விசா வந்துவிட்டது. ஹாலிஃபாக்ஸில் பனியில் வழுக்கிக்கொண்டு இருபது வருடமாக ஓட்டுகிறேன். மலைக்கு ஒரு தடவைகூட ஓட்டவில்லை. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. இனி அவர் பக்கத்தில் உட்கார மாட்டார் என்பது தெரியும். ஆனாலும் அந்த வண்டியை அந்த மலைக்கு நான் ஓட்டியாக வேண்டும், திருட்டுத்தனமாக அல்ல, நெற்றியில் நம்பரோடு. நான்கு வாரம் லீவு போட்டேன். பதினேழு வயது மகள் மதியையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் விமானத்தில் ஏறியதிலிருந்து என்னோடு பேசவில்லை.

வீட்டில் இறங்கியதும் சாப்பிடக்கூட இல்லை, நேரே கொட்டகைக்குப் போனேன். மயில் நீலத்தில் பளபளவென்று நின்றது. கடைசிக் காலத்தில் அப்பா தானே உட்கார்ந்து பெயின்ட் அடித்தாராம், பம்பரையும் சேர்த்து. பம்பரில் எழுதியிருந்த பழைய நம்பரைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார். பின்பக்கத் தகடு எப்போதோ துருப்பிடித்து விழுந்துவிட்டது. புதிதாக எழுத ஆளுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஆள் வருவதற்குள் அப்பா படுத்துவிட்டார்.

"நம்பர் இன்னாடா?" என்று சேகரைக் கேட்டேன்.

"எவனுக்குத் தெரியும்? ஊரே நீல ஜீப்புன்னுதான் கூப்புடும்."

"ஆர்.சி. புக்கு?"

சேகர் அம்மாவைப் பார்த்தான். அம்மா சாமி மாடத்திலிருந்து ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பிரித்துப் பார்த்தேன். புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் வண்டி நம்பர் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஆர்.சி. புத்தகத்தைச் சாமிக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா எங்கேயோ ஓரமாக வைக்க மாட்டாள். வண்டிக்கு முகம் நம்பர்தான் என்று அந்த நம்பர் மேலேயே வைப்பாள். நாற்பது வருடத்துச் சந்தனம். அதைப் பூச்சி ருசி பார்த்து, சந்தனத்தோடு காகிதத்தையும் தின்றுவிட்டிருந்தது. பேர் எழுதிய இடத்தில் ஒரு ஓட்டை, நம்பர் இருந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை. முடிச்சில் வரி ரசீது, இன்சூரன்ஸ் என்று வேறு ஒரு காகிதமும் இல்லை.

அடுப்படிக்குப் போனேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "நல்லதுக்குன்னு வச்சேன். அந்த மனுசன் வண்டிய நான்தான் அழிச்சிட்டேன்."

3

மறுநாள் காலை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதல் ஆளாக நின்றேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, கிட்டத்தட்ட என் வயது. என் கதையை ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்த முகத்தோடு சொன்னார்: "பேப்பர் இல்லாம ஒண்ணும் பண்ண முடியாதே மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே வாக்கியம், அதே சிரிப்பு. நானும் இதே வேலைதான் பார்க்கிறேன் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என் அலுவலக அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கயும் இப்படித்தானா?" என்றார். "இதைவிட மோசம், அங்க எங்களத் திட்டக்கூட மாட்டாங்க" என்றேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. கிழிந்த ஆர்.சி.க்குப் பதில் நகலும் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில் நம்பர் வேண்டும்.

"வண்டிக்கு அடியில, சேஸிஸ்ல அடிச்ச நம்பர் இருக்கு. சுரண்டிப் பாத்துட்டேன். அத வச்சித் தேட முடியாதா?"

"கம்ப்யூட்டர்ல ஏறின வண்டின்னா தேடலாம் மேடம். இது ஏறல. நம்ம ஊரு தனி ஜில்லா ஆகறதுக்கு முன்ன, எல்லாம் ஒரே தென்னாற்காடா இருந்தப்ப எழுதின ரிஜிஸ்டர்ல இருக்கும். அந்த நோட்டுங்க வண்டி நம்பர் வரிசைல இருக்கும். நீங்க நம்பர் சொன்னா பக்கத்தத் தெறந்து, சேஸிஸ் ஒத்துப்போவுதான்னு பாக்கலாம். ஒத்துப்போச்சின்னா அது உங்கப்பா வண்டி. மீதிய நான் பாத்துக்கறேன். நம்பர் கொண்டாங்க."

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று செய்தார். குங்குமம் படிந்த அந்த முதல் பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேப்பர் செல்லாது என்றவர்தான். ஹாலிஃபாக்ஸில் பதினாறு வருடத்தில் ஒருவரும் எந்தப் படிவத்தையும் கண்ணில் ஒற்றி நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு வந்ததும் எனக்கு மின்னல் மாதிரி ஒன்று தோன்றியது. கல்யாண வண்டி. எத்தனை கல்யாணத்துக்கு ஓடியிருக்கும் அது. ஒவ்வொரு கல்யாணத்திலும் பொண்ணு மாப்பிள்ளையை ஜீப் முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்திருப்பார்களே. பம்பர் தெரியுமே. சேகருக்கு அங்கேயே போன் போட்டேன். "ஆல்பம்டா! எல்லார் வூட்டு ஆல்பத்துலயும் நம்ம நம்பர் இருக்குடா!" ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

4

கிட்டத்தட்ட மூன்று வாரம் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு சுற்றினோம். சேகர் ஓட்ட, நானும் மதியும் பின்னால். முதலில் கீழே, சின்னசேலத்தில் இரண்டு வீடு, மணலூர்பேட்டையில் ஒரு வீடு. பிறகு மலை.

முதல் ஆல்பம் சின்னசேலத்தில். அந்த வீட்டுக்காரர் அட்டையைத் துடைத்துவிட்டு விரித்தார். பார்த்ததும் துள்ளினேன். நம்ம ஜீப், வாழைமரம் கட்டி, மாலை போட்டு, நடுவில் கூச்சத்தோடு இரண்டு பேர். பம்பரைப் பார்த்தேன். அங்கே தெர்மாகோலில் வெட்டி ஜிகினா ஒட்டிய ஒரு போர்டு: மணமக்கள் செல்வி, முருகேசன். கச்சிதமாக நம்பர் மேல் கட்டியிருந்தது.

சரி, ஒரு வீட்டில் அப்படி. அடுத்த வீட்டில்? மணமக்கள் லட்சுமி, பெரியசாமி. அதற்கடுத்து? மணமக்கள் ராணி, சடையன். எங்கள் பக்கம் கல்யாண வண்டி என்றால் பேர் போர்டை முன் பம்பரில்தான் கட்டுவார்கள். நானே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதை மறந்துவிட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறேன் பாருங்கள். காரில் ஏறியதும் சேகர் ரேடியோவைச் சத்தமாக வைத்தான், அது போதாதா.

மலையில் ஒவ்வொரு வீட்டிலும் அப்பா பேரைச் சொன்னால் போதும். பெட்டியைத் திறந்தார்கள், பரணில் ஏறினார்கள், சாமைச் சோறு போட்டார்கள். ஒரு வீட்டில் போர்டு கட்டவில்லை, ஆனால் நம்பருக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றது. ஒரு வீட்டில் மாலை தொங்கியது. இன்னொரு வீட்டில் பம்பரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, சுருட்டை முடியோடு ஒரு ஆள் நின்று நம்பரை மறைத்தான். யார் இந்த இடைஞ்சல் என்று கிட்டப் பார்த்தேன். அப்பா. முப்பது வயது அப்பா. எனக்கு இப்போது நாற்பத்தாறு. என்னைவிடச் சின்னப் பையனாக அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் கொஞ்சம் அழுதேன். மதி என் தோளைத் தொட்டாள். விமானத்திலிருந்து இறங்கிய பிறகு அவளாக என்னைத் தொட்டது அப்போதுதான்.

அவள் போனில் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தாள். ஊர், வருடம், எது மறைக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். பதினோராவது போட்டோவில் மெதுவாகக் கேட்டாள்: "மா, யார் இந்த மணமக்கள்? எல்லா ஃபோட்டோலயும் அவர் பேர்தான் ஃபர்ஸ்ட்ல இருக்கு. அவருக்கு எத்தனை கல்யாணம்?"

சேகர் காரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். அவளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஐந்து வருடம் பனியில் கொண்டுபோய்விட்டவள் நான். எனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அன்றிலிருந்து அந்தக் காருக்குள் யார் என்ன தப்புச் செய்தாலும் மணமக்கள்தான் பொறுப்பு. மதியும் மாமனும் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.

ஆனால் இருபத்திரண்டு கல்யாணம் பார்த்தும் நம்பர் இல்லை. இரும்புக் கடைக்காரர் சேகருக்கு மறுபடியும் போன் செய்தார். சேகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

5

லீவு முடிய ஐந்து நாள் இருக்கும்போது வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரம்மா பேர் சின்னப்பொண்ணு. அறுபதை நெருங்கும் வயது, நரைத்த தலை, சுறுசுறுப்பான கை. நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே போண்டா போட்டவர், கரண்டியோடு வந்து நின்றார்.

"நீல ஜீப்பு டிரைவரு அண்ணன் பொண்ணா நீ?"

"ஆமாங்க அத்தை." அப்பாவை அண்ணன் என்கிறவர் எனக்கு அத்தைதானே.

"நம்பரு தெரியிற போட்டோ ஒண்ணு என்கிட்ட கீது."

நான் டீயைக் கீழே வைத்தேன் என்று நினைக்கிறேன். கொட்டிவிட்டேன் என்று மதி சொல்கிறாள்.

அவர் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் போனார், வந்தார். கையில் ஆல்பம் இல்லை. ஒரே ஒரு போட்டோ, தனியாகக் கண்ணாடி போட்டு மாட்டியது. இருபது வயதுப் பெண், பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை. பக்கத்தில் மாப்பிள்ளை இல்லை. பின்னால் மலை வளைவு. அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் இடுப்புக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெயின்டில், முழுசாக, மூன்று இங்கிலீஷ் எழுத்தும் நாலாயிரத்து அறுபத்து மூன்றும்.

மதி சத்தம் போட்டு வாசித்தாள். சேகர் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. நான் அந்த நான்கு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"போர்டு எங்க போச்சி அத்தை?" என்று சேகர் திரும்பி வந்து கேட்டான்.

"நான்தான் பிச்சிப் போட்டேன்" என்றார் சின்னப்பொண்ணு. எதிரே உட்கார்ந்து சொன்னார்.

மாப்பிள்ளை கீழ்நாட்டு ஆள், மலைக்குக் கீழே சமவெளிக்காரர். சின்னசேலத்தில் மண்டபம். மலையிலிருந்து பொண்ணு வீட்டார் எல்லோரும் எங்கள் ஜீப்பில் ஏறிப் போயிருக்கிறார்கள். வாசலில் அலங்காரத்தோடு நின்ற ஜீப்பை மாப்பிள்ளையின் மாமா பார்த்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது, அந்த ஜீப்பை மாப்பிள்ளை பேருக்கு எழுதிக் கொடுத்தால்தான் தாலி என்றிருக்கிறார்.

"வாடவ வண்டின்னு எங்கப்பா தலதலயா அடிச்சிக்கினாரு. நம்பல. போர்டுல எங்க பேரு போட்டிருக்குது, அப்ப உங்க வண்டிதானன்னு கேக்கறாங்க. எனக்கு வந்திச்சி பாரு கோவம். மாலையோட எழுந்து வெளிய வந்தேன். போர்ட அறுத்து ரெண்டா ஒடிச்சி அவங்க வாசல்லயே போட்டேன். அண்ணே, வண்டியத் திருப்புன்னேன். உங்கப்பா ஒரு வார்த்த கேக்கல. திருப்பிட்டாரு."

"அழலையா நீங்க?" மதி கேட்டாள்.

"வழி பூராவும் மத்தவங்கதான் அழுதுக்கினு வந்தாங்க. பாதி மலை ஏறினப்புறம் போட்டோக்காரரு மெதுவா சொல்றாரு, கடைசி பிலிம் ஒண்ணு மிச்சம் கீது, வீணாப் போவுதேன்னு. எல்லாரும் அவர மொறைக்கிறாங்க. நான் எறங்கி நின்னேன். எடுன்னேன். உங்கப்பா தள்ளி நின்னுக்கினு இன்னா சொன்னாரு தெரியுமா? ‘நம்பரு தெரியிற மாதிரி எடுப்பா, கல்யாணத்தன்னிக்கி என் வண்டிக்கி மூஞ்சி தெரியறது இன்னிக்கித்தான்’ன்னாரு. அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சேன்."

இரண்டு வருடம் கழித்து இதே மலையில் ஒருவரைக் கட்டிக்கொண்டாராம். அந்தக் கல்யாணத்துக்கும் எங்கள் ஜீப்தானாம். அந்தப் போட்டோவையும் எடுத்துக் காட்டினார். போர்டு கட்டியிருந்தது.

மலை இறங்கும்போது, காருக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில், எனக்கு ஹாலிஃபாக்ஸ் பெரியவர் ஞாபகம் வந்தது. போட்டோ ஆதாரமில்லைதான். ஆனால் நான் அதைப் பார்க்கவே இல்லையே. பார்க்காமல் தள்ளினேனே. எனக்கு வெட்கமாக இருந்தது.

6

ஜன்னலுக்கு அந்தப் பக்கத்து அம்மா சொன்ன சொல் மாறவில்லை. பழைய ரிஜிஸ்டர் கடலூரில் இருந்தது. அவரே கடிதம் எழுதி, சேகரை இன்ன ஆளைப் பார் என்று அனுப்பினார். நான் ஹாலிஃபாக்ஸ் திரும்பியிருந்தேன். கடலூரில் அவர்கள் நோட்டைத் திறக்கும்போது சேகர் வீடியோவில் என்னைக் கூப்பிட்டான். கனமான, துணி அட்டை போட்ட நோட்டு. நாலாயிரத்து அறுபத்து மூன்று. சேகர் சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, எதிரில் இருந்தவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். கடைசி எழுத்துக்கும் "ம்" வந்தது. அதற்குக் கீழே நீல மையில் அப்பா பேர், அப்பா கையெழுத்து, அவர் எப்போதும் போடும் அந்த வால் நீண்ட கையெழுத்து.

அந்த வாரமே விசாரணைப் படிவங்களைப் புரட்டிப் பெரியவருக்குப் போன் செய்தேன். போட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அவர் மனைவி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார், காலுக்குக் கீழே நம்பர் பலகை. கடைசி எண்ணை மட்டும் அந்த அம்மாவின் குடை நுனி மறைத்திருந்தது. ஒரு எண்தானே, பத்தே வாய்ப்பு. அதிகாரியிடம் அனுமதி வாங்கிப் பத்தையும் பழைய பதிவில் தேடினேன். ஏழாவதில் அவருடைய மாமனார் பேர் வந்தது. பெரியவர் அந்தப் போட்டோவுக்கு முத்தம் கொடுத்தார். ஆர்.சி. பக்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அந்த ஜன்னல் அம்மா எனக்கு நினைவுக்கு வந்தார்.

நம் ஊரில் வாரிசுச் சான்றிதழ், மறுப்பில்லை என்று எங்கள் இருவர் கையெழுத்து, சோதனை, பிரேக் சரியில்லை, மறுபடி சோதனை என்று ஆறேழு மாதம் ஓடியது. இரும்புக் கடைக்காரருக்குச் சேகரே ஆள் விட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். டிராக்டர் வேப்பமரத்தடியில் நிற்கிறது. புரட்டாசி பிறந்த வாரம் புது ஆர்.சி. அட்டை வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அம்மா பேர். ஆயுத பூஜைக்கு டிக்கெட் போட்டேன். மதி தானாகவே கேட்டாள், நானும் வரட்டுமா என்று.

7

பூஜையன்று ஜீப்பைக் கழுவி வாசலில் நிறுத்தினோம். பம்பரில் முந்தின நாள்தான் ஆள் வந்து நம்பர் எழுதியிருந்தார். சேகர் வாழைக்கன்று கட்டிவிட்டுப் பெரிய சாமந்தி மாலையைத் தூக்கிக்கொண்டு நேரே பம்பருக்குப் போனான். மதி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "மாமா! மணமக்கள்!" என்றாள். சேகர் நாக்கைக் கடித்துக்கொண்டு மாலையை மேலே கண்ணாடியில் மாட்டினான்.

சாமிக்கு முன்னால் புது அட்டை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எல்லோரும் அம்மா விரலையே பார்த்தோம். நம்பர் மேல் வைக்காதே என்று எப்படிச் சொல்வது. விரலைச் சந்தனத்தில் தோய்த்து அட்டைக்கு அருகில் கொண்டுபோன அம்மா, எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "எனக்குத் தெரியும், போங்கடி" என்று சொல்லி, அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதாத மூலையாகப் பார்த்துச் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அம்மா, பின்னால் சேகரும் மதியும். இருபது வருடமாகக் கியரே இல்லாத வண்டி ஓட்டிப் பழகிய காலும் கையும் கச்சிராயபாளையம் தாண்டும் வரைக்கும் சண்டை போட்டன. மலையடிவாரத்து அணையைக் கடந்து முதல் வளைவு வந்தது. இரண்டாம் கியர் விழ மாட்டேன் என்றது. சேகர் பின்னாலிருந்து, "கிளச்ச ரெண்டு தபா மிதிக்கா, அப்பா சொல்லிக் குடுத்தாரே" என்றான். மிதித்தேன். விழுந்தது. வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன், தேவையில்லாத இடத்திலும் அடித்தேன். எதிரே வந்த பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு அவரும் ஒரு நீள ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

சின்னப்பொண்ணு அத்தை கடையைப் பூட்டிவிட்டு, அன்றைக்குத் தன் போட்டோ எடுத்த அந்த வளைவிலேயே வந்து காத்திருந்தார். முன்பே போன் செய்திருந்தோம். அவர் ஜீப்பைச் சுற்றி வந்தார், பம்பரைத் தட்டிப் பார்த்தார், நம்பரை வாய்விட்டுப் படித்தார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி, "வாங்க அண்ணி, ஒரு போட்டோ எடுப்பம்" என்றார்.

அம்மாவுக்குப் போட்டோ என்றால் எப்போதும் ஒரு கலவரம். தலை கலைந்திருக்கிறது, புடவை நல்லா இல்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்பாள். அன்றைக்கு நேரே பம்பருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பக்கம் அத்தை. மதி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"இரு இரு" என்றாள் அம்மா.

காற்றில் அவள் முந்தானை பறந்து நம்பர் மேல் விழுந்திருந்தது. அதை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள். குனிந்து நான்கு எண்ணும் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று, நிமிர்ந்து, "இப்ப எடு" என்றாள்.